நீரும் நானும்

நோர்வேயில் கோடைகாலப் பின்னேரங்களில் ஏதாவதொரு சிறுபடகுத் துறையில் போய் உட்கார்ந்தால் காசில்லாமல் நல்ல நாடகம் பார்க்கலாம். நேரத்தோடு வந்து கட்டியவர்கள் கையில் பியரோடு தங்கள் வள்ளங்களில் சாய்ந்திருப்பார்கள். புதிதாக வருகிற வள்ளத்தில் அநேகமாக அறுபது தாண்டிய ஒரு சோடி இருக்கும். அவர் சுக்கானில், அவள் அணியத்தில் கயிற்றோடு. காற்று பக்கவாட்டில் தள்ளும். அவர் கத்துவார். அவளும் திரும்பிக் கத்துவாள், அல்லது ஒன்றும் பேசாமல் கயிற்றைக் கீழே போட்டுவிடுவாள். பிள்ளைகளை வளர்த்து, வீட்டுக்கடன் கட்டி முடித்த மனிதர்கள் பத்து மீற்றர் தண்ணீரில் பிரிந்துவிடுவார்கள் போல இருக்கும்.

எங்கள் நாடகம் தமிழில் நடந்தது என்பதால் பார்ப்பவர்களுக்கு வசனம் விளங்காது. விளங்கியிருந்தால் இன்னும் ரசித்திருப்பார்கள். இவர் என்னை எப்போதும் ‘நீர்’ என்றுதான் சொல்லுவார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். ஆனால் அந்த முதல் கோடையில், துறை நெருங்க நெருங்க அந்த ‘நீர்’ தேய்ந்துகொண்டு போகும். “இஞ்சேரும், கயித்தை எடும்” என்று தொடங்குவது, சுவருக்கு மூன்று மீற்றர் இருக்கும்போது “எடு! எறி! எறியெண்டுறன்!” என்று முடியும். கட்டி முடித்து இயந்திரத்தை நிறுத்தியதும், ஒன்றும் நடக்காததுபோல, “நீர் தேத்தண்ணி குடிக்கேல்லையே?” என்று கேட்பார். எனக்குத் தேத்தண்ணி இறங்காது.

வள்ளத்தை வாங்கியது 2023இல், இவருக்கு 67 வயதாகி ட்ராம் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வருடம். ஒன்பதரை மீற்றர் நீளம், ஸ்வீடனில் கட்டியது, எங்கள் மூத்த மகளைவிட வயது கூடியது. பெயர் ‘தெர்னா’. நோர்வேஜியப் பெயர், எங்கள் ஊரில் ஆலா என்கிற கடற்பறவை. இவர் ‘அன்னபூரணி’ என்று மாற்ற விரும்பினார். வள்ளத்தின் பெயரை மாற்றினால் கூடாது என்று விற்ற கிழவர் சொன்னார். ஆலாவும் நல்ல பெயர்தானே என்று நான் சொன்னேன்.

அன்னபூரணி என்ற ஆசைக்குக் காரணம் உண்டு. இவர் வல்வெட்டித்துறை. அங்கே கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல் அது. றொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கிய பிறகு, வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதைச் சுயஸ் கால்வாய் வழியாகவும் அட்லாண்டிக்கைத் தாண்டியும் கொண்டுபோய், 1938இல் மாசச்சூசெற்ஸிலுள்ள குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இந்தக் கதையை இவர் ட்ராம் தரிப்பிடங்களில்கூட ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறார். தண்டையல்களின் ஊரில் பிறந்தவருக்குக் கடல் சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்பது இவருடைய நியாயம். இருபத்தொன்பது வயதில் மாணவர் விசாவில் நோர்வேக்கு வந்து, ஒரு நாட்டுப்புற உயர்பாடசாலையில் ஒரு வருடம் படித்து, பிறகு பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்றவர் இவர். ஊரில் இருந்த காலத்தில் பாய் இழுத்தது எத்தனை தரம் என்று நான் ஒருநாள் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பாத்திருக்கிறன்” என்றார்.

நான் கோப்பாய். தோட்டமும் கிணறும் செம்மண்ணும். கடல் என்றால் எனக்கு ஒரேயொரு இரவுதான் ஞாபகம். 1992இல், ஆனையிறவுப் பாதையும் பூநகரிப் பாதையும் அடைபட்டிருந்த காலத்தில், இவரிடம் வந்து சேருவதற்காகக் கிளாலியால் கடல்நீரேரியைக் கடந்தேன். நோர்வேயில் குடும்ப இணைவு விண்ணப்பம் சரிவந்திருந்தது. கொழும்புக்குப் போனால்தான் விமானம். இருட்டில், ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய வள்ளங்களில், முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தோம். ஒருவர் சுருட்டுப் பற்ற வைக்கப் போக, நாலைந்து கைகள் பாய்ந்து அவருடைய கையைப் பிடித்தன. வெளிச்சம் தெரிந்தால் கடற்படை வரும். 1993 ஜனவரியில் அந்தப் பாதையில் கொல்லப்பட்டவர்களின் செய்தி வந்தபோது நான் ஒஸ்லோவில் பனிச்சப்பாத்து வாங்கப் பழகிக்கொண்டிருந்தேன். கடலில் வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது, அசையக் கூடாது. நான் கடலைப் பற்றிப் படித்தது அவ்வளவுதான்.

ஆகவே, இவருக்கு இருந்தது பார்த்துப் பழகிய பெருமை, எனக்கு இருந்தது பயம். இரண்டையும் வைத்துக்கொண்டு வடக்கே வட்டார்க்டிக் வட்டம் வரை போய்வர வேண்டும் என்று இவர் திட்டம் போட்டார்.

நான் ஒரு நிபந்தனை வைத்தேன்: படிக்க வேண்டும். 1980க்கு முன் பிறந்தவர்களுக்கு இங்கே படகோட்டிச் சான்றிதழ் கட்டாயமில்லை. சட்டம் எங்களை விட்டுவிடுகிறது என்று இவருக்குப் புளுகம். கட்டாயமில்லாததைப் படிப்பதில் ஒரு வசதி இருக்கிறது, யாரும் எங்களை அவசரப்படுத்தவில்லை. குளிர்காலம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் கடல் வரைபடத்தை விரித்து வைத்திருந்தோம். வானொலிக் கருவிக்கும் தனிச் சான்றிதழ் எடுத்தோம், அது இங்கே வேண்டும். பீர்விக்காவிலுள்ள டைக்மான் நூலகத்தில் எர்லிங் தம்ஸ் எழுதிய பயணப் புத்தகத்தை எடுத்துவந்தேன். 1928இல் அவரும் மனைவி ஜூலியும் கொலின் ஆர்ச்சர் கட்டிய ‘தெடி’ என்ற பழைய வழிகாட்டிப் படகில் நோர்வேயை விட்டுப் போனார்கள். போகிற வழியில் பிள்ளை பிறந்தது. 1932இல் நியூசிலாந்துக் கரையில் படகு உடைந்துபோனது, ஆட்கள் தப்பினார்கள். புத்தகத்தை எழுதியது அவர். நான் பக்கம் பக்கமாகத் தேடியது அவளை.

வரைபடம் பார்ப்பது எனக்கு இலகுவாக வந்தது. முதியோர் இல்லத்தில் இருபத்தைந்து வருடம் மருந்துப் பட்டியல் பார்த்த கண். எந்த எண்ணும் சும்மா எழுதப்பட்டிருக்காது என்று அதற்குத் தெரியும். இவருக்குக் காற்றுத் தெரியும். முகத்தைத் திருப்பி, “சோழகம் எழும்புது” என்பார், பத்து நிமிடத்தில் எழும்பும். வாடை, கொண்டல், கச்சான் எல்லாம் ஒஸ்லோ வளைகுடாவிலும் அதே பெயரோடு வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

கத்துவதற்கு மருந்து தற்செயலாகக் கிடைத்தது. இங்கே பாய் திருப்புகிறபோது சுக்கானில் இருப்பவர் “க்ளார்?” என்று கேட்பார், ஆயத்தமா என்று. மற்றவர் “க்ளார்” என்று பதில் சொல்லும்வரை ஒன்றும் செய்யக்கூடாது. நாங்கள் வள்ளத்தில் கட்டளை எல்லாம் நோர்வேஜிய மொழியில் என்று முடிவெடுத்தோம். அந்த மொழியில் வைத்தியரும் ‘டூ’, கூட்டித் துடைப்பவரும் ‘டூ’, மனைவியும் ‘டூ’. தேய்ந்து விழுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. மகள் ஒருநாள் எங்களோடு வந்தவள், இரண்டு பேரும் அலுவலகக் கூட்டத்தில் இருப்பதுபோலக் கதைக்கிறீர்கள் என்று சிரித்தாள். சிரிக்கட்டும். அந்தக் கோடையில் நாங்கள் ஒருநாளும் தேத்தண்ணியை ஆறவிடவில்லை.

ஆனால் துறையில் கட்டுவது சின்ன விஷயம். இரவில் நித்திரை வராமல் நான் யோசித்தது வேறு. இவருக்கு 64 வயதில் இதய நாளத்தில் ஒரு ஸ்டென்ற் வைத்தார்கள். வைத்தியர் கடலுக்குப் போகலாம் என்றார். சரி. இரண்டு பேர் மட்டும் உள்ள வள்ளத்தில் ஒருவர் தண்ணீரில் விழுந்தால், மற்றவர்தான் தண்டையல், அவரேதான் முழு மாலுமிக் கூட்டமும். இந்தக் கடல் குளிர்ந்தது. முதல் ஒரு நிமிடம் மூச்சு அடங்காது, பத்து நிமிடம்போல கைகால் சொற்கேட்கும், அதற்குப் பிறகு விழுந்தவரால் தனக்கே உதவ முடியாது என்று இங்கே படிப்பிப்பார்கள். இவர் 81 கிலோ. நான் 54.

2024 கோடை முழுக்க நாங்கள் செய்த வேலை இதுதான். காற்றடைத்த மிதவை ஒன்றில் வாளியைக் கட்டி, அதற்கு ‘ஐயா’ என்று பெயர் வைத்து, கடலில் எறிவோம். இவர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் இருக்க வேண்டும். அதுதான் இவருக்குப் பெரிய பயிற்சி. நான் உடனே வள்ளத்தின் மூக்கைக் காற்றுக்குள் திருப்பி, வேகத்தைக் கொன்று, சுற்றி வந்து, பாயைத் தளரவிட்டு ஐயாவுக்குப் பக்கத்தில் நிற்பாட்ட வேண்டும். முதல் தரம் பதினொரு நிமிடம். ஐயா செத்திருப்பார். ஜூலைக் கடைசியில் மூன்றரை நிமிடத்துக்கு வந்துவிட்டேன்.

பக்கத்தில் போவது பாதி வேலை. ஏற்றுவது மீதி. ஓகஸ்ட்டில் லாங்கொயேனெ தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு, இவர் உயிர்காப்பு அங்கியோடு தானே குதித்தார். தண்ணீர் நல்ல இளஞ்சூடு, அந்த மாதத்தில் பிள்ளைகள் குளிக்கிற இடம். நான் பெரிய பாயை ஏற்றுகிற கயிற்றை இறக்கி, அங்கியின் கொளுக்கியில் மாட்டி, கயிற்றை வின்ச்சில் சுற்றிக் கைபிடியை இரண்டு கையாலும் திருப்பினேன். ஒரு சுற்றுக்கு ஒரு சாண்கூட ஏறமாட்டார். பக்கத்து வள்ளத்துக்காரர் உதவிக்கு வரட்டா என்று கேட்டார். இவர் தண்ணீருக்குள் இருந்தபடியே வேண்டாம் என்று கைகாட்டினார். சுறா தூக்குவதுபோல, கால் முதலில் தெரிய, தோள் ஒருபக்கம் சரிய, கம்பியில் முட்டி, கடைசியில் தட்டில் வந்து விழுந்தார். பதினான்கு நிமிடம். அதே நாளில் இன்னும் இரண்டு தரம் குதித்தார். மூன்றாம் தரம் ஆறு நிமிடம். நீர் சொட்டச் சொட்ட இருந்துகொண்டு, “இனி நான் விழலாம்” என்றார்.

செப்டம்பரில் இருட்டில் ஓடிப் பார்த்தோம், ட்ரோபாக்கிலிருந்து ஒஸ்லோ நோக்கி. நான் சுக்கானில். இந்த நாட்டின் வெளிச்சவீடுகள் ஒவ்வொரு திசைக்கு ஒவ்வொரு நிறம் காட்டும். வெள்ளை தெரிந்தால் பாதையில் நிற்கிறோம், சிவப்போ பச்சையோ தெரிந்தால் விலகிவிட்டோம். கற்கள் மேலெல்லாம் யாரோ விளக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், முன்பின் தெரியாத ஒரு கோப்பாய்ப் பெண் வழிதவறக்கூடாது என்று. நான் அழுதேன். இவர் ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, “கிளாலியோ?” என்று மட்டும் கேட்டார். அந்த இரவைப் பற்றி இவருக்கு முழுதாகச் சொன்னது அன்றுதான். முப்பத்திரண்டு வருடமாக இவர் கேட்கப் பயந்திருந்தாராம். நான் சொல்லாததற்குக் காரணம் வேறு: இவர் அங்கே இல்லை என்பதை நான் குற்றமாகச் சொல்வதுபோல் ஆகிவிடும்.

2025 மே மாதம் புறப்பட்டோம். தென்கரை அழகு, அதைப் பற்றி நோர்வேக்காரர் எழுதியது போதும். லின்டெஸ்நெஸ் முனையைச் சுற்றியபோது இரண்டு பேரும் சத்தியெடுத்தோம். யாரென் கரையில் ஒதுங்க இடம் குறைவு. பேர்கன் தாண்டியபிறகு கவனித்தேன், கட்டளைகள் மெல்லத் தமிழுக்குத் திரும்பியிருந்தன. புளோரோ துறையில், காற்று பக்கத்தில் தள்ள, சுவருக்கு இரண்டு மீற்றர் இருக்கையில், “கயித்தை எறியும்” என்றார். எறியும். நான் எறிந்தேன்.

எல்லோரும் பயப்படுகிற இடம் ஸ்டாட். தீவுகளின் மறைவே இல்லாமல் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். பழைய வைக்கிங்குகள்கூட அதைச் சுற்றாமல் கப்பல்களை மலைக்கு மேலால் இழுத்துப் போனார்கள் என்று சொல்வார்கள். மோலோயில் இரண்டு நாள் காத்திருந்து, முன்னறிவிப்பு நல்லது என்றதும் புறப்பட்டோம். இரண்டு மணித்தியாலத்தில் பழைய அலை ஒன்று மேற்கிலிருந்து உருண்டு வரத் தொடங்கியது. காற்றில்லை, அலை மட்டும் உயர்ந்துகொண்டே போனது. “திரும்புவம்” என்றேன்.

எங்களுக்குள் ஒரு விதி இருந்தது. இரண்டு பேரில் யார் பயப்படுகிறாரோ அவருடைய சொல்தான் முடிவு. ஏன் என்பதைத் துறையில் கட்டிய பிறகுதான் கேட்கலாம். விதி எழுதுவது லேசு. நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். தண்டையல்களின் ஊர், அன்னபூரணி, குளொஸ்ரர் எல்லாம் அந்த முகத்தில் ஒரு நிமிடம் வந்து போயின. “க்ளார்?” என்றார். “க்ளார்” என்றேன். திருப்பினார். மோலோயில் கட்டி, மீன்குழம்பு வைத்துச் சாப்பிட்டு, பிளேன்ரீ ஊற்றிய பிறகும் இவர் கேட்கவில்லை. “நீங்கள் கேக்கலாம்” என்றேன். “நானும் பயந்துதான் இருந்தனான்” என்றார். மூன்றாம் நாள் காலை ஐந்து மணிக்கு மறுபடி போனோம். பின்னேரம் இரண்டு மணிக்குப் பொஸ்னவோக். நல்ல கடல், சொல்வதற்கு ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகுதான் இவர் படுக்கத் தொடங்கினார். அதுவரை நான் சுக்கானில் இருக்கும்போது கீழே போய்ப் படுப்பார், கண் மூடமாட்டார். ஒரு கயிறு உரசினால் தலை மேலே வரும். ஹெல்கலாண்ட் கரையில் ஒருநாள் குறட்டைச் சத்தம் கேட்டது. இயந்திரத்தில்தான் ஏதோ பிழையென்று முதலில் பயந்துபோனேன்.

ஜூலை 4 அதிகாலை. விக்கிங்கன் என்கிற சின்னத் தீவில், வட்டார்க்டிக் வட்டத்தைக் காட்ட ஓர் உலக உருண்டை நிறுத்தியிருக்கிறார்கள். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். தோரணம் கட்டுவதற்கென்று இவர் ஒஸ்லோவிலேயே பலூன்கூட வாங்கி வைத்திருந்தார். உருண்டை வலப்பக்கத்தில் வந்தது, போனது. சோழகம் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது. நான் எழுப்பவில்லை.

ஆறு மணிக்கு மேலே வந்து நாலுபக்கமும் பார்த்தார்.

“கடந்திட்டமோ?”

“ஓம்.”

“ஏன் என்னை எழுப்பேல்லை?”

“நல்ல நித்திரையா இருந்தியள்.”

பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். என்னுடைய கையெழுத்தில் இருந்தது: 2.40. விக்கிங்கன். காற்று தென்மேற்கு, மெல்லியது. இரண்டு பாயும் மேலே. இவர் நித்திரை.

இவர் பேனையை எடுத்து, கீழே ‘குறட்டை இல்லை’ என்று எழுதினார்.