கவசமும் காட்சியும்

கவசத்திற்குத் தமிழில் வழங்கிய பழைய பெயர்களுள் ஒன்று 'மெய்ம்மறை' என்பதாகும். பதிற்றுப்பத்திலே, வீரர்க்குக் காவலாக முன்னிற்கும் சேர மன்னனைப் புலவர்கள் அச்சொல்லாலேயே அழைத்தனர். மெய்யை மறைத்துக் காப்பதே கவசம் என்னும் தெளிவான எண்ணம் அச்சொல்லில் அடங்கியுள்ளது. ஆனால், இருபதாம் நூற்றாண்டின் ஆங்கில வீரசாகசக் கற்பனைக் கதைகளையும் அவற்றையொட்டி எழுந்த சித்திரக்கதைகளையும் நோக்குமிடத்து ஒரு விந்தை புலப்படும். அங்கே போர்வீரனின் கவசம் மெய்யை மறைக்கின்றது. வீராங்கனையின் கவசமோ மெய்யைக் காட்டுகின்றது. இவ்வேறுபாடு வெறும் உடை பற்றியதன்று. கதையிலே பெண்ணுக்கு அளிக்கப்படும் இடம் பற்றியதாகும்.

றெட் சோன்யா என்னும் பாத்திரத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அமெரிக்க எழுத்தாளரான றொபேட் ஈ. ஹொவாட் 1934 ஆம் ஆண்டில் வெளியிட்ட கதை ஒன்றிலே சோன்யா என்னும் பெண் தோன்றினாள். ஒட்டோமன் துருக்கியர் 1529 இல் வியன்னா நகரை முற்றுகையிட்ட நிகழ்ச்சியே அக்கதையின் களம். நகரைக் காக்க வாளும் கைத்துப்பாக்கியும் ஏந்தி நின்றவருள் அவளும் ஒருத்தி. அவளை முன்மாதிரியாகக் கொண்டு, 1973 இல் கதாசிரியர் றோய் தோமஸும் ஓவியர் பரி ஸ்மித்தும் மாவல் நிறுவனத்தின் கோனன் சித்திரக்கதைக்குள் ஒரு வீராங்கனையைக் கொணர்ந்தனர். அப்போது அவள் மார்பும் கைகளும் மறைய இரும்பு வளையச் சட்டையே அணிந்திருந்தாள். மறு ஆண்டில் ஸ்பானிய ஓவியர் எஸ்தபான் மறோத்தோ வரைந்த சித்திரம் அதனை மாற்றியது. நீச்சலுடை போன்ற, இரும்புச் செதில்களாலான இரு சிறு துண்டுகள் அவளது கவசமாயின. அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அவள் பெரும்பாலும் அவ்வுருவாலேயே அறியப்படுகின்றாள்.

மெய்யான கவசத்தின் இயல்பு இதற்கு முற்றிலும் மாறானது. இரும்பு வளையச் சட்டை வாளின் வெட்டைத் தடுக்கும். அடியின் வேகத்தை முழுதும் தாங்காது. ஆகவே, துணியை அடுக்கித் தைத்த தடித்த அங்கி அதன் கீழே அணியப்பட்டது. வெறுந்தோலின்மேல் இரும்பை அணிபவரை அந்த இரும்பே வருத்தும். மார்புத் தகடும் காரணத்தோடுதான் குவிந்த வடிவம் பெற்றது. விழும் அடி நடுவில் நில்லாது பக்கங்களுக்கு வழுக்கிச் செல்லவேண்டும் என்பதே அதன் நோக்கம். இரு மார்பகங்களின் வடிவைத் தகட்டில் புடைப்பித்தால் அவற்றிடையே பள்ளம் தோன்றும். விலகவேண்டிய அடி நெஞ்செலும்பை நோக்கியே செலுத்தப்படும். அழகுக்காகச் செய்யப்பட்ட அவ்வடிவம் பகைவனுக்கே துணைபுரிகின்றது.

போர்க்களம் கண்ட பெண்ணுக்குச் செய்யப்பட்ட கவசம் எத்தகையது என்பதற்குப் பிரான்சின் ஜோன் ஒவ் ஆக் வரலாறு சான்று தருகின்றது. 1429 இல் தூர் நகரத்துக் கம்மியர் ஒருவர் அவளுக்கென ஒரு முழுக்கவசம் செய்தார். அதற்கு அரச கணக்கிலிருந்து 100 லிவர் வழங்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் ஓர்லியன்ஸ் போரிலே கழுத்துக்கும் தோளுக்கும் இடையே அம்பு தைத்தது. காயத்துக்கு மருந்திட்டு அன்றே அவள் களம் திரும்பினாள். அவளுக்குக் காயம் நேரலாம் என்பதை அக்கவசத்தைச் செய்தவர் அறிந்திருந்தார். சோன்யாவின் இரும்புத் துண்டுகளை வரைந்த கைக்கு அவ்வச்சம் இல்லை. காயமுறக்கூடும் என்று எண்ணப்படாத ஒருத்தி உண்மையில் போரிடுபவளாகவும் எண்ணப்படவில்லை.

பறக்கும் நாகங்களும் மந்திரவாதிகளும் உலவும் கதையில் கவசத்துக்கு மாத்திரம் நடைமுறை நியாயம் கேட்பது பொருந்துமா என்று சிலர் வினவுவர். கற்பனை உலகுக்கும் ஓர் ஒழுங்குண்டு. அங்கும் வாள் வெட்டும்; குருதி சிந்தும். அவ்வொழுங்கு பெண்ணின் உடையில் மாத்திரம் கைவிடப்படுவதே குறை. கோனனும் வெற்று மார்புடன் தானே திரிகின்றான் என்பர் வேறு சிலர். அவனது வெற்றுடம்பு அவன் வலிமையைக் கூறுகின்றது. வாசகன் அவனைப்போல் ஆக விரும்புகின்றான். சோன்யாவின் உடம்போ வாசகன் பார்ப்பதற்கென வைக்கப்பட்டுள்ளது. ஆண்களையே வாங்குவோராகக் கருதிய வர்த்தகத்தின் கணக்கு இது.

மாற்று வழி இல்லாமலில்லை. டொல்கீன் 1955 இல் வெளியிட்ட நாவலிலே எயோவின் என்னும் இளவரசி ஆண் வீரர்போல் உடுத்துப் போருக்குச் செல்கின்றாள். பகைத் தலைவனின் அடியில் அவளது கேடயம் சிதறுகின்றது. அதனைத் தாங்கிய கையும் முறிகின்றது. அவ்வலியின் பின்னரே அவள் அவனை வீழ்த்துகின்றாள். அடியின் கனத்தை உணர்ந்த வாசகனுக்கே அவ்வெற்றியின் பெறுமதி விளங்கும்.

இக்கண்டனம் பெண்ணின் அடக்கம் பற்றிய பழைய உபதேசத்தோடு கலந்துவிடலாகாது. ஜோன் 1431 இல் றூவான் நகரில் விசாரிக்கப்பட்டபோது, ஆணுடை அணிந்தமையும் அவள்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்றாக இருந்தது. போருக்கேற்ற உடையை அவள் அணிவது பாவம் என்றது அக்கால நீதிபீடம். இக்காலச் சந்தையோ கவசம் என்ற பெயரை அவளுக்கு அளித்து, அதன் பயனைப் பறித்துக்கொண்டது. இரண்டும் அவளது தொழிலைக் கேளாது, பிறர் கண்ணைக் கேட்டே அவள் உடையைத் தீர்மானித்தன. எவ்வளவு மறைக்கவேண்டும் என்பதன்று வினா. எதற்காக அணிகின்றாள் என்பதே வினா. அதற்குப் 'போரிடுவதற்காக' என்று விடை கூறும் ஓவியன், அவளுக்கும் ஒரு மெய்ம்மறையை வரைந்தே தீரவேண்டும்.