அண்ணாத்தயும் ஒரு துண்டுச் சீட்டும்

உங்கள் தெருவிலும் ஒருத்தர் கண்டிப்பா இருப்பார் பாஸ். அவர் வண்டி உங்க வீட்டு கேட்டை மறைச்சு நிற்கும். அவர் வீட்டுக் குப்பை உங்க வாசலில் விழும். நீங்க செமஸ்டருக்குப் படிக்க உட்காரும்போதுதான் அவர் வீட்டு ஸ்பீக்கருக்கு உயிர் வரும். போய்க் கேட்டால், 'இப்ப என்னான்ற?' என்று ஒரு லுக். அந்த லுக்குக்கு மேல் கேட்கத் தெருவில் ஆள் கிடையாது.

எங்கள் தெரு சேலையூர் பக்கம். பக்கத்து வீட்டுக்காரருக்கு 'அண்ணாத்த' என்று பெயர் வைத்திருக்கிறேன். நிஜப் பெயர் வேண்டாமே, மனுஷன் இன்னும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்! அப்பாவுக்கு ஓசூரில் வேலை. மாசத்துக்கு ரெண்டு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் அம்மா, ப்ளஸ் ஒன் படிக்கிற தங்கச்சி, பி.காம். படிக்கிற அடியேன். இந்த விவரம் அத்தனையும் அண்ணாத்தக்கு அத்துப்படி.

ஆரம்பம் என்னவோ சின்ன விஷயம்தான். வாஷிங் மெஷின் தண்ணியை ஒரு பைப் போட்டு எங்க கேட் முன்னாடி விட்டார். பாசி பிடிச்சு வழுக்க ஆரம்பிச்சது. அடுத்து, அவரோட குட்டி யானை வண்டி எங்க கேட்டை அடைச்சு நிற்கத் தொடங்கியது. அம்மா போய், "கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க தம்பி" என்றுதான் கேட்டாங்க. அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு கேட்டைத் தட்டி, ரொம்ப மரியாதையா ஒரு வார்த்தை சொன்னார். "அக்கா, உங்க பையன் டூ வீலர்லதானே காலேஜ் போறான்? வேளச்சேரி ரோட்ல தண்ணி லாரியா போவுது. பாத்துப் போகச் சொல்லுங்க."

கெட்ட வார்த்தை இல்லை. கத்தியைக் காட்டவில்லை. ஆனால் அம்மாவுக்கு அன்று முழுக்கத் தூக்கம் போச்சு. மறுநாளிலிருந்து வண்டிச் சாவியை ஒளித்து வைத்துவிட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்தாங்க. மொட்டை மாடியில் துணி காயப்போடுவது நின்றது. டியூஷன் விட்டு வரும் தங்கச்சியைப் பார்த்து, அவர் வீட்டுத் திண்ணைக் கோஷ்டி பாட்டுப் பாடியது. தினமும் 'தலை வலிக்குது' என்று சொல்லி அவள் டியூஷனுக்கே முழுக்குப் போட்டாள். ஒரு மனுஷன் ஒரு அடிகூட அடிக்காமல் ஒரு குடும்பத்தை இப்படி வீட்டுக்குள்ளே தள்ள முடியும் என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை.

காலேஜில் சொன்னதும் நம்ம பசங்க உடனே கிளம்பிட்டாங்க. "மச்சி, நாலு பைக், எட்டு பேர். ஒரே ஒரு விசிட். மேட்டர் ஓவர்!" சொல்லக் கேட்கும்போது சூப்பராகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஸ்கூல் சீனியர் அக்கா ஒருத்தங்க, புதுப்பாக்கம் அரசு சட்டக் கல்லூரியில் படிக்கிறாங்க. போனில் கதையைக் கேட்டுட்டு அவங்க சிரிச்சாங்க. "அவன் வேண்டிக்கிட்டு இருக்கிறதே அதுக்குத்தான்டா. எட்டுப் பேர் வந்து மிரட்டினாங்கன்னு முதல்ல ஸ்டேஷனுக்குப் போறது அவனாத்தான் இருக்கும். எஃப்.ஐ.ஆர்.ல உன் பேரும் உன் ஃப்ரெண்ட்ஸ் பேரும் ஏறும். நாளைக்கு பாஸ்போர்ட், கவர்ன்மென்ட் வேலைன்னு போலீஸ் வெரிஃபிகேஷன் வரும்போது அத்தனை பேரும் உன்னைத்தான் திட்டுவானுங்க." எட்டு 'கைப்புள்ள'களும் அப்படியே கேன்டீனுக்குத் திரும்பினோம்.

அக்கா என்னிடம் வாங்கச் சொன்னது ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, நேரம், என்ன சொன்னார், யார் பக்கத்தில் இருந்தாங்க. அவ்வளவுதான். வர்ணனை வேண்டாம், திட்டு வேண்டாம். போட்டோ, வீடியோ நம்ம வாசலில் நின்று எடுத்தால் போதும். அவங்க வீட்டுக்குள் கேமராவைத் திருப்பக் கூடாது. எடுத்த ஃபைலை போனிலிருந்து அழிக்கவும் கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய காப்பியை மட்டும் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால், ஒரிஜினல் எங்கே என்று கேள்வி வரும்.

நோட்டில் பத்துப் பன்னிரண்டு தேதி சேர்ந்ததும்தான் எனக்கே விஷயம் புரிந்தது. தண்ணி லாரி டயலாக்கை மட்டும் தனியாகச் சொன்னால், 'அட்வைஸ்தானே பண்ணியிருக்கார்' என்பார்கள். வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொன்ன ஒவ்வொரு நாளும் ராத்திரி கேட் தட்டப்பட்டிருக்கிறது என்று வரிசையாக எழுதிக் காட்டினால், அது அட்வைஸ் இல்லை என்று யாருக்கும் தெரியும். அண்ணாத்தயோட பலமே எல்லாம் வாய்ப் பேச்சாகவே இருந்ததுதான்.

இந்த இடத்தில் நங்கநல்லூர் விஷயத்தைச் சொல்லணும். 2020-ல் அங்கே ஒரு அபார்ட்மென்ட்டில் தனியாக இருந்த 62 வயது அம்மா ஒருத்தர், பார்க்கிங் தகராறில் பக்கத்து வீட்டு டாக்டர் தன் வாசலை அசிங்கப்படுத்தியதாகப் புகார் கொடுத்தார். அவர் சாதாரண ஆள் இல்லை. அப்போது ஒரு மாணவர் அமைப்பின் தேசியத் தலைவர். அவர் தரப்பில் மறுத்தார்கள். ஆனால் சி.சி.டி.வி. காட்சி இருந்தது. அதை நாடே பார்த்தது. அந்த ஜூலையிலேயே ஆதம்பாக்கம் போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. கைது நடந்ததோ 2022 மார்ச்சில்! நடுவில் எத்தனை மாசம் என்று எண்ணிப் பாருங்க. சட்டம் மெதுவாகத்தான் வரும். கையில் ஆதாரம் இல்லாவிட்டால் அந்த வேகமும் இருக்காது.

சரி, நம்ம கதைக்கு வருவோம். அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய வேலை. "நாளைக்கு மூஞ்சில முழிக்க வேணாமா? நமக்கு எதுக்குடா வம்பு?" தங்கச்சிதான் முடித்து வைத்தாள்: "வம்பு ஏற்கெனவே கேட் வரைக்கும் வந்தாச்சும்மா."

அம்மாவும் நானும் புகாரை எழுதி ரெண்டு காப்பியோடு ஸ்டேஷனுக்குப் போனோம். 2022 ஜனவரி ஒண்ணாம் தேதியிலிருந்து நம்ம ஏரியாவெல்லாம் தாம்பரம் போலீஸ் கமிஷனரேட்டுக்குக் கீழே வந்துவிட்டது. கமிஷனரேட் புதுசு, டயலாக் பழசு. "பக்கத்து பக்கத்து வீட்டுக்காரங்க, பேசி முடிச்சுக்குங்கம்மா." அக்கா சொல்லிக் கொடுத்தபடி அம்மா மெதுவா, "சரிங்க சார், சி.எஸ்.ஆர். மட்டும் போட்டுக் கொடுத்துடுங்க" என்றாங்க. எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார் பாருங்க!

சி.எஸ்.ஆர். என்பது புகார் வாங்கியதற்கு ஸ்டேஷனில் நம்பர் போட்டுத் தருகிற ரசீது. அது எஃப்.ஐ.ஆர். இல்லை. ஆனால் நீங்க இந்தத் தேதியில் வந்தீங்க என்பதற்கு அரசாங்க சாட்சி. கைது செய்யத்தக்க குற்றம் நடந்தது என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஸ்டேஷனில் மறுத்தால் புகாரைத் தபாலில் மேலதிகாரிக்கு அனுப்பலாம். அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். மிரட்டலுக்கு முன்பு இ.பி.கோ. 506. சினிமா பார்த்தே மனப்பாடம் ஆகியிருக்கும். 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 351. மாத்திச் சொல்லிக் கெத்து காட்டுங்க!

திண்ணைக் கோஷ்டி பாட்டுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 1998-ல் எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா, ஈவ் டீசிங் செய்தவர்களால் உயிரிழந்த பிறகு தமிழ்நாட்டில் கொண்டுவந்த சட்டம் அது. இப்போது அதன் பெயர் பெண்களுக்கு எதிரான துன்புறுத்தல் தடைச் சட்டம். புகாரில் தங்கச்சி சைன் போட்ட பத்தி அதுதான். கூச்சப்படாமல் அவளே உட்கார்ந்து எழுதினாள்.

விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. அண்ணாத்த வெள்ளைச் சட்டை ஆள் ஒருத்தரோடு வந்தார். என் தோளில் கை போட்டு, "நம்ம தம்பி மாதிரி சார்" என்றார். இனிமே தொந்தரவு செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். பாட்டு உடனே நின்றது. ராத்திரி கேட் தட்டலும் நின்றது. பைப்பும் குட்டி யானையும் மட்டும் ஒரு மாசத்தில் திரும்பி வந்தன. 'அது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க' என்றது ஸ்டேஷன். வக்கீல் ஃபீஸை நினைத்து அம்மா முகம் வாடியது.

இதைத்தான் எல்லாருக்கும் சொல்லணும். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் என்று 1987-ல் போட்ட ஒன்று இருக்கிறது. அதன்படி பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், வருமானம் குறைந்தவர்கள் எல்லோருக்கும் வக்கீல் இலவசம். பெண்ணாக இருந்தால் வருமானச் சான்றிதழ்கூட கேட்க மாட்டார்கள். அதனால் மனு அம்மா பெயரில். தாம்பரம் கோர்ட்டில் இருக்கிற வட்ட சட்டப் பணிகள் குழுவில் நோட்டு, போட்டோ, சி.எஸ்.ஆர். மூணையும் கொடுத்தோம். வழி தெரியாதவர்களுக்கு 15100 என்ற இலவச போன் நம்பர் இருக்கிறது.

எங்களுக்குக் கிடைத்த வக்கீல் மேடம் உடனே கேஸ் போடவில்லை. வழக்குக்கு முன்பே ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசும் வழி இருக்கு, அதில் ஒத்துவராவிட்டால் தடை உத்தரவு கேட்டு முன்சீப் கோர்ட்டில் வழக்கு என்றார். கோர்ட் சீல் போட்ட நோட்டீஸ் அண்ணாத்த வீட்டுக்குப் போனது. முதல் தடவை ஆள் வரவில்லை. ரெண்டாவது தடவை வந்தார், வெள்ளைச் சட்டை இல்லாமல். பைப்பை அவர் பக்கத்துக் கால்வாயில் விடுவது, வண்டியை கேட்டுக்கு முன் நிறுத்துவதில்லை என்று எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, லோக் அதாலத்தில் அதைப் பதிவு செய்தார்கள். அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அப்பீல் கிடையாது. எங்களுக்குச் செலவானது ஜெராக்ஸ் காசும் பஸ் காசும்.

அண்ணாத்த எங்களோடு பேசுவதில்லை. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. வண்டிச் சாவி என் கைக்கு வந்துவிட்டது, தங்கச்சி டியூஷன் போகிறாள். சி.எஸ்.ஆர். சீட்டை அம்மா ரேஷன் கார்டு கவரில் வைத்திருக்காங்க. போன வாரம் தெருக்கோடி வீட்டு ஆன்ட்டி கோலம் பார்க்கிற மாதிரி வந்து நின்று, அம்மாகிட்ட ரகசியமா கேட்டாங்களாம்: "ஏங்க, அந்த கோர்ட் ஆபீஸ் காலைல எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"