எந்தத் தெருவில் குடியிருப்பது?

கீரிப்பாறையிலிருந்து நாகர்கோவிலுக்குக் குடிபெயர்வதென்று நாங்கள் தீர்மானித்த அன்றே, நண்பர்கள் ஆளுக்கொரு பேட்டையைச் சிபாரிசு செய்யத் தொடங்கினார்கள். வடசேரி என்றார் ஒருவர். பஸ் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறதாம். கோட்டாறு என்றார் மற்றொருவர். ரயிலும் கடைத்தெருவும் அருகில். இன்னொருவர் பார்வதிபுரத்தைத் தவிர மற்றதெல்லாம் ஊரே அல்ல என்று சாதித்தார். அவருடைய மாமனார் வீடு அங்கேதான் இருக்கிறது என்பது பிற்பாடு தெரிந்தது.

நான் மலையடிவாரத்து ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரில் வீடு தேடும் தொல்லையே இல்லை. உத்தியோகத்தோடு வீடும் வந்தது. உத்தியோகம் முடிந்ததும் அதுவும் போயிற்று. மகளுக்குக் கல்லூரி, எண்பது வயதுத் தாயாருக்கு வைத்தியம், இரண்டுக்கும் பட்டணம்தான் கதி.

பகல் வெளிச்சத்தில் பார்த்த வீடுகளெல்லாம் அழகாகவே இருந்தன. ஒழுகினசேரியில், பழையாற்றை ஒட்டிய ஒரு வீட்டின் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு கறை தென்பட்டது. "பழைய சுண்ணாம்பு" என்றார் தரகர். அடுத்த வீட்டுப் பாட்டியோ, "வெள்ளம் ஏறி நின்ற அடையாளம் ஐயா" என்றாள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவ மழையையும் பெறும் ஜில்லா எங்களுடையது. 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் ரப்பர் மரங்களை வேரோடு சாய்த்ததைக் கண்ட நான் அந்தக் கறையை அலட்சியம் செய்யலாமா? அன்று முதல் வீட்டுக்காரரை விட்டு அண்டை வீட்டாரை விசாரிக்கலானேன். மழையில் தண்ணீர் எங்கே நிற்கும்? குழாயில் எத்தனை நாளைக்கு ஒரு முறை வரும்? இருட்டிய பிறகு பெண் குழந்தை தனியே நடந்து வரலாமா?

நாங்கள் தெருவைப் பரிசோதித்தது போலவே தெருவும் எங்களைப் பரிசோதித்தது. மேட்டுப் பாங்கான ஓரிடத்தில் எல்லாம் பொருந்திய வீடு ஒன்று அகப்பட்டது. வாடகை பேசி முடியும் தறுவாயில் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி, "தப்பா நினைக்கக் கூடாது, நீங்க என்ன ஆளு?" என்று கேட்டார்.

சில மைல் தூரத்திலுள்ள சுசீந்திரம் என் நினைவுக்கு வந்தது. கோயிலைச் சுற்றிய வீதிகளில் நடக்கும் உரிமைக்காக 1926-இல் அங்கே சத்தியாக்கிரகம் நடந்தது. 1936-இல் திருவிதாங்கூர் அரசின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் கோயில் கதவுகளையே இந்துக்கள் எல்லோருக்கும் திறந்துவிட்டது. வாடகை வீட்டின் கதவு மட்டும் இன்னும் ஒருக்களித்தே நிற்கிறது!

நான் தயங்கினேன். தாயார் தயங்கவில்லை.

"மக்களே, நாங்க மலைத் தண்ணி குடிச்சு வளர்ந்த ஆளு. உங்க குழாயிலே வருகிறதும் முக்கடல் அணைத் தண்ணிதானே? அது என்ன ஆளு என்று கேட்டா குடிக்கிறீங்க?"

அவர் சிரித்தார். வீட்டில் கலந்து பேசிச் சொல்வதாகவும் சொன்னார். நாங்கள் திரும்பிப் போகவில்லை.

இப்போது இருக்கும் வீடு சிறியது. பஸ்ஸுக்குச் சற்று நடக்க வேண்டும். ஆனால் சாமான் இறக்கிய அன்று எதிர்வீட்டு அம்மாள் கருப்பட்டிக் காப்பி கொண்டு வந்து தாயாருக்குக் கொடுத்தாள். மாதங்கள் பல சென்றும், நாங்கள் என்ன ஆள் என்று அவள் கேட்கவில்லை. தோட்டத்துப் பழக்கத்தில் விடியுமுன் எழுந்துவிடும் தாயார், அவள் கோலமிட வரும் நேரத்துக்காக வாசற்படியில் காத்திருக்கிறாள்.