கடிதம் வரும் நாள்

பரீட்சை எழுதுவது பிள்ளை. ஆனால் பரீட்சை முடிந்து, கல்லூரியில் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று காத்திருக்கும் மாதங்கள் இருக்கின்றனவே, அவை குடும்பம் முழுவதற்கும் வரும் பரீட்சை. எங்கள் வீட்டில் அந்தப் பரீட்சை இரண்டு தலைமுறைக்கு நடந்தது. இப்போது வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு காத்திருக்கும் தாய்மார்களுக்கு உதவுமே என்று இதை எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது சுங்கை பூலோ வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டம். ஊரின் பெயருக்கு மூங்கில் ஆறு என்று பொருள். என் சிறு வயதில் மூங்கிலைவிடப் பால் மரங்களே கண்ணுக்குத் தெரிந்தன. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்பு ஓராண்டு, பிறகு ஐந்தாம் படிவம் வரை படித்தேன். 1982-இல் எஸ்.பி.எம். எழுதினேன். முடிவு நன்றாகவே வந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பப் பாரம் வாங்கிப் பூர்த்தி செய்து அனுப்பினேன்.

முகவரி என்ற இடத்தில் தோட்டத்தின் பெயரை எழுதினேன். எங்களுக்கு வேறு முகவரி ஏது? லயத்து வீடுகளுக்குத் தபால்காரர் வரமாட்டார். கடிதங்கள் எல்லாம் தோட்ட ஆபீசுக்கு வரும். ஆபீசிலிருந்து யாராவது கூப்பிட்டுக் கொடுத்தால்தான் உண்டு.

காத்திருந்த நாட்களில் அம்மாவோடு மரம் சீவப் போனேன். விடியுமுன் எழுந்து, பிரட்டுக்கு நின்று, நிரைக்குப் போய், உளியைப் பிடித்தால் மனம் சற்று அடங்கும். பிறகு மங்குகளில் பால் சொட்டத் தொடங்கும். எனக்குள் கேள்வியும் சொட்டத் தொடங்கும். வருமா? வராதா? வந்தால் என்று வரும்?

பால் நிறுத்து முடிந்ததும் அப்பா ஆபீஸ் வாசலில் போய் நிற்பார். உள்ளே போகமாட்டார்.

"ஐயா, நம்ம புள்ளைக்கு ஏதும் கடுதாசி வந்திருக்குங்களா?"

"வந்தா சொல்ல மாட்டேனா? போப்பா."

தினமும் கேட்டால் கோபம் வருமே என்று இரண்டு நாளைக்கு ஒரு முறை கேட்டார். பிறகு வாரத்துக்கு ஒரு முறை. லயத்தில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம், "என்னா, ஒன் மவளுக்குக் காலேஜ் கெடச்சிருச்சா?" என்று கேட்பார்கள். நல்ல மனதோடுதான் கேட்டார்கள். என்றாலும் அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் குழாயடிக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் நேரத்தை மாற்றிக்கொண்டேன்.

கடைசியில் கடிதம் வந்தது. 'உருசான் ஸ்ரீ படுக்கா பகிண்டா' என்று அச்சிட்ட பழுப்பு உறை. நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தது. தேதியைப் பார்த்தேன். நேர்முகத் தேர்வு நடந்து நான்கு நாள் ஆகியிருந்தது. உறை எத்தனையோ நாளாக ஆபீசில் ஏதோ ஒரு கணக்குப் புத்தகத்துக்கு அடியில் கிடந்திருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. ஆனால் ஒரு பெண்ணின் ஓராண்டு அந்தப் புத்தகத்துக்கு அடியில் போய்விட்டது.

அம்மா அழுதார். அப்பா யாரையும் திட்டவில்லை. இரவு சாப்பிட உட்கார்ந்தபோது என்னிடம் இப்படித்தான் சொன்னார்:

"மரம் நட்டா பால் வர அஞ்சாறு வருசம் ஆவுது. அதுவரைக்கும் சும்மாவா நிக்கிறோம்? களை புடுங்குறோம், ஒரம் வைக்கிறோம். நீ மறுபடியும் எழுதிப் போடு தாயி. இந்தத் தடவை விலாசத்த மாத்திப் போடு."

பட்டணத்தில் நாங்கள் சாமான் வாங்கும் மளிகைக் கடைக்காரரிடம் கேட்டு அவர் கடை முகவரியைக் கொடுத்தேன். அந்த ஆண்டு முழுவதும் மரம் சீவினேன். மாலையில் லயத்துப் பிள்ளைகளுக்கு விளக்கடியில் மலாயும் கணக்கும் சொல்லிக் கொடுத்தேன். அப்பா வேலை முடிந்ததும் சைக்கிளில் பட்டணத்துக்குப் போவார். கடைக்காரர் தூரத்திலேயே தலையை ஆட்டிவிடுவார், இல்லை என்று. ஒருநாள் அவர் தலையை ஆட்டவில்லை. அன்று நல்ல மழை. உறையைச் சட்டைக்குள் வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்பா வந்து சேர்ந்தார். அவர் நனைந்திருந்தார், கடிதம் நனையவில்லை.

நேர்முகத் தேர்வுக்குப் போனேன். மறுபடியும் காத்திருந்தேன். இடம் கிடைத்தது. ஆசிரியையாகி, அறுபது வயதுவரை தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றேன்.

இன்று அந்தத் தோட்டம் இல்லை. பக்கத்திலிருந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பரந்த சோதனை நிலத்தில் குவாசா டாமான்சாரா என்ற புதுநகர் எழுந்துகொண்டிருக்கிறது. பழைய ரயில் பாதையோடு, 2016 டிசம்பரில் எம்.ஆர்.டி. ரயிலும் சுங்கை பூலோவுக்கு வந்துவிட்டது. ஆனால் காத்திருப்பு மட்டும் மாறவில்லை.

2024 மே மாதம் என் தம்பி மகளுக்கு எஸ்.பி.எம். முடிவு வந்தது. எட்டு ஏ. மெட்ரிகுலேஷனுக்கு விண்ணப்பித்திருந்தாள். பழுப்பு உறைக்குப் பதில் கைத்தொலைபேசி. பகலிலும் இரவிலும் அதையே எடுத்துப் பார்ப்பாள். "கொஞ்சம் வெளியே போய்ட்டு வாம்மா" என்றால், "போங்க அத்தை, லைன் கிடைக்காமப் போயிட்டா?" என்பாள்.

இடங்களின் கணக்கும் அவளுக்கு மனப்பாடம். 2019-இல் அமைச்சரவை மெட்ரிகுலேஷன் இடங்களை 25,000-லிருந்து 40,000-ஆக உயர்த்தியது. ஆனால் பூமிபுத்ரா மாணவருக்குத் தொண்ணூறு விழுக்காடு, மற்றவருக்குப் பத்து விழுக்காடு என்ற ஒதுக்கீடு அப்படியே இருந்தது. 2024 ஜூன் 30-ஆம் நாள், எந்த இனத்தவராயினும் பத்து ஏ பெற்றவருக்கு மெட்ரிகுலேஷனில் இடம் உறுதி என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். நல்ல செய்திதான். எட்டு ஏ வாங்கிய வீட்டில் அந்தச் செய்தியை எப்படிக் கேட்டிருப்போம் என்று எண்ணிப் பாருங்கள்.

அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. மேல்முறையீடு செய்தாள். அதற்கும் இல்லை என்று பதில் வந்தது. ஒருநாள் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். மறுநாள் அவளிடம் என் பழுப்பு உறையின் கதையைச் சொன்னேன். அதே வாரம் ஆறாம் படிவத்தில் சேர்ந்தாள். களை பிடுங்கப் போய்விட்டாள் என்று அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

தாய்மார்களே, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஒரே வாசலில் நிற்காதீர்கள். மெட்ரிகுலேஷனுக்கு மனுச் செய்யும்போதே யு.பி.யு. வழியாகப் பல்கலைக்கழக அடிப்படைக் கல்விக்கும், பொலிடெக்னிக்குக்கும் மனுச் செய்யலாம். ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்கு, பழைய பயிற்சிக் கல்லூரிகள் இன்று பட்டம் தரும் ஆசிரியர் கல்விக் கழகங்களாகிவிட்டன. ஆறாம் படிவம் அரசுப் பள்ளியிலேயே மூன்று தவணையாக நடக்கிறது. எஸ்.டி.பி.எம். கொண்டு பல்கலைக்கழகம் போனவர்கள் நம்மில் ஏராளம். பணம் இல்லையே என்று முன்கூட்டியே பிள்ளையை நிறுத்தாதீர்கள். 1997-இல் அமைக்கப்பட்ட பி.டி.பி.டி.என். கல்விக் கடன் தருகிறது.

பல்கலைக்கழகத் தேர்வில் நூறு புள்ளியில் தொண்ணூறு பரீட்சைக்கு, பத்து புறப்பாட நடவடிக்கைக்கு. சாரணர் இயக்கமும் பந்து விளையாட்டும் வீண் வேலை என்று தடுக்காதீர்கள். அந்தச் சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள்.

இல்லை என்று பதில் வந்தால் மேல்முறையீட்டுக்குச் சில நாட்களே இருக்கும். அழுவதற்கு ஓர் இரவு போதும். மறுநாள் காலை பாரத்தைத் தேடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "பக்கத்து வீட்டுப் புள்ளைக்குக் கெடச்சிருச்சே" என்ற சொல் உங்கள் வாயில் வரவேண்டாம். அந்தப் பிள்ளை தனக்குள்ளேயே அதை நூறு முறை சொல்லிக்கொண்டிருக்கிறது.

என் அப்பாவுக்கு மலாய் படிக்கத் தெரியாது. எந்தக் கல்லூரி எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. மாதக்கணக்கில் சைக்கிளில் போனார், இல்லை என்று கேட்டுத் திரும்பினார், மறுநாளும் போனார். கடிதம் வராத நாட்களிலும் எனக்குத் துணையாக இருந்தது அந்தச் சைக்கிள் மணிச் சத்தம்தான்.