வீட்டிற்கும் ஒப்பனை உண்டு

பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் நம் இல்லங்கள் அன்று கொள்ளும் கோலத்தை நாம் அறிவோம். கொடியில் கிடந்த துணிகள் மறைகின்றன. பெட்டியில் உறங்கிய விரிப்புகள் கட்டிலுக்கு வருகின்றன. கால் ஒடிந்த நாற்காலி கொல்லைப்புறம் போகிறது. மகளுக்காக நாம் செய்யும் இக்காரியத்தை வீட்டிற்காகவே செய்து, அதற்குக் கூலியும் பெறும் தொழில் ஒன்று மேல்நாடுகளில் தழைத்திருக்கிறது. விற்பனைக்கு வரும் வீட்டை, வாங்க வருவோரின் கண்ணுக்கு ஏற்றவாறு ஒழுங்குபடுத்தித் தருவதே அத்தொழில். வீட்டு ஒப்பனை என்று அதனை நாம் அழைக்கலாம்.

அமெரிக்காவின் சியாட்டில் நகர்ப் பகுதியில் வாழ்ந்த பார்ப் ஷ்வார்ட்ஸ் என்னும் பெண்மணி 1972-ஆம் ஆண்டில் இம்முறையைத் தொடங்கினார் என்பர். நாடகத்திற்கு மேடையை அமைப்பதுபோல விற்பனைக்கு வீட்டை அமைக்கலாம் என்பது அவர் கருத்து. இன்று பிரிட்டன், சுவீடன், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலும் இது பரவியுள்ளது. அமெரிக்க வீட்டு முகவர்களின் தேசியச் சங்கம் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், வாங்குவோர் சார்பில் பணிபுரியும் முகவர்களுள் நூற்றுக்கு 81 பேர், ஒப்பனை செய்த வீட்டைத் தம் வருங்கால இல்லமாக மனத்தில் காண்பது வாங்குவோர்க்கு எளிதாகிறது என்று கூறியிருந்தனர்.

இத்தொழிலை நாங்கள் நேரில் கண்டது, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் எங்கள் மகன் குடும்பத்தோடு தங்கியிருந்த நாள்களில். வேலை நிமித்தம் பிரிஸ்பேன் நகருக்குக் குடிபெயர வேண்டியிருந்ததால், பத்தாண்டுகள் வாழ்ந்த வீட்டை மகன் விற்க நேர்ந்தது. அந்நகரில் ஏராளமான வீடுகள் சனிக்கிழமைகளில் ஏலத்தில் விற்கப்படுகின்றன. அதற்கு முந்திய சில வாரங்களில், குறித்த நாளில் அரைமணி நேரம் வீடு திறந்து வைக்கப்படும். யாரும் வந்து பார்க்கலாம். வீட்டார் மட்டும் வெளியே போய்விட வேண்டும். அந்த அரைமணி நேரத்திற்காகவே ஒப்பனையாளர் அமர்த்தப்படுகிறார். அவருடைய கூலியும், அவர் கொண்டுவரும் சாமான்களின் வாடகையும் விற்பவரின் பொறுப்பு.

வந்த அம்மையார் வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை. ஒவ்வோர் அறையின் வாயிலிலும் நின்று பார்த்தார். வாங்குவோர் முதலில் காண்பது நிழற்படத்தையே. நிழற்படம் எடுப்பவர் நிற்குமிடம் வாயில் என்று விளக்கினார். பிறகு கட்டளைகள் பிறந்தன. சாமான்களில் பாதி கிடங்கிற்குப் போகவேண்டும். அரிசி மூட்டையும் எவர்சில்வர் அண்டாக்களும் கண்ணில் படலாகாது. சுவர்களுக்குப் பால்வெள்ளை வண்ணம். சன்னலுக்கு எதிரே ஒரு கண்ணாடி. பகலிலும் விளக்குகள் எரியட்டும். வெற்றறை உள்ளதைவிடச் சிறியதாய்த் தோன்றும் என்பதால், சாமான் அறையாயிருந்த இடத்தில் வாடகைக் கட்டில் ஒன்று போடப்பட்டது. வெள்ளி இரவில் மீன் பொரிக்க வேண்டாம் என்றும் சொன்னார். சிரித்துக்கொண்டே தலையசைத்தோம்.

அடுத்த கட்டளைக்கு எங்களால் சிரிக்க முடியவில்லை. குடும்பப் படங்கள், பேத்தியின் புதுநன்மைப் படம், பாடுபட்ட சுரூபம், திருஇருதய ஆண்டவர் படம் ஆகிய அனைத்தையும் இறக்கச் சொன்னார். வீடு மந்திரித்த நாளில் குருவானவர் தம் கையால் மாட்டிய படம் அது. எங்கள் முகம் வாடியதை அவர் கண்டிருக்க வேண்டும். "உங்கள் சமயத்தின்மேல் எனக்குக் குறையில்லை. சென்ற வாரம் ஒரு வீட்டில் புத்தர் சிலையையும், வேறொரு வீட்டில் கால்பந்துக் குழுவின் கொடியையும் எடுக்கச் சொன்னேன். வருகிறவர் உங்கள் வாழ்க்கையைப் பார்த்து நின்றால், தம் வாழ்க்கையை இங்கே வைத்துப் பார்க்க அவருக்கு இடமேது?" என்றார். அதில் நியாயம் இருந்தது. மருமகள் தன் கையாலேயே படத்தை இறக்கி, பட்டுத்துணியில் சுற்றி வைத்தாள். அன்றிரவு வெறுஞ்சுவரின் முன் முழந்தாளிட்டுக் குடும்பச் செபம் சொன்னோம். "ஆண்டவர் நமக்கு முன்னாடியே பிரிஸ்பேன் போயிட்டாரா?" என்று பேத்தி கேட்டாள். "ஆமாம், இடம் பார்த்து வைக்கப் போயிருக்கிறார்" என்றான் மகன்.

இவையெல்லாம் ஒப்பனை. ஆனால் ஒப்பனை வேறு, ஒளிப்பு வேறு என்பதற்கும் அந்த வீட்டிலேயே சோதனை வந்தது. குளியலறையை ஒட்டிய சுவரின் அடியில் கையகல ஈரக்கறை ஒன்று இருந்தது. அதன்மேல் வண்ணம் பூசி, உயரமான அலமாரி ஒன்றை நிறுத்திவிடலாம் என்று நண்பர் ஒருவர் யோசனை கூறினார். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடி என்பார்களே, அந்த வழி! அம்மையார் மறுத்துவிட்டார். "அறையை அழகாகக் காட்டுவது என் வேலை; ஈரத்தை மறைப்பது என் வேலையன்று" என்றார்.

சட்டமும் அவர் பக்கமே. மெல்பர்ன் அமைந்துள்ள விக்டோரியா மாநிலத்தில், வீட்டைப் பற்றிய முக்கியமான உண்மையை விற்பவரோ முகவரோ தெரிந்தே மறைப்பது 2020 மார்ச் 1 முதல் குற்றமாகும். அபராதமோ சிறையோ கிடைக்கலாம். ஏலத்தில் வாங்கியவர்க்கோ, மனம் மாறினால் விலகிக்கொள்ளும் அவகாசம் அங்கே கிடையாது. முப்பதாண்டுக் கடனைத் தோளில் ஏற்றிக்கொண்டு வருகிற ஓர் இளங்குடும்பத்தை நினைத்துப் பார்த்தால், சட்டம் ஏன் இத்துணைக் கடுமை காட்டுகிறது என்பது விளங்கும். மகன் சுவரை உடைத்து, கசிந்த குழாயை மாற்றினான். புதிய ஊருக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி அதில் கரைந்தது. வேலைக்கான இரசீதை, கேட்டவர்க்கெல்லாம் முகவர் காட்டினார். நான்காம் சனிக்கிழமை ஏலத்தில், கைக்குழந்தையோடு வந்த தம்பதியர் அவ்வீட்டை வாங்கினர்.

இத்தொழிலில் பொய்யும் புகுவதுண்டு. அட்டைப்பெட்டிகளின்மேல் காற்றடைத்த மெத்தையை வைத்துக் கட்டிலெனக் காட்டுவோர் உளர். கணினியில் படத்தைத் திருத்தி, இல்லாத சோபாவையும் இல்லாத புல்வெளியையும் வரவழைப்போரும் உளர். அவ்வாறு திருத்திய படங்களை விளம்பரத்தில் இட்டால் அதனை வெளிப்படையாகக் கூறி, மூலப்படத்தையும் காட்டவேண்டும் என்னும் சட்டம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2026 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் நகரங்களில் அடுக்குமாடி கட்டுவோர் காட்டும் 'மாதிரி வீடு' இவற்றிற்கு உறவுதான். அதன் திரைச்சீலையும் விளக்கும் நமக்குக் கிடைக்கும் வீட்டில் இருக்குமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பழைய வீடானால், வில்லங்கச் சான்றைப் பார்ப்பதோடு அலமாரியின் பின்புறத்தையும் பாருங்கள். ஒரு மழை நாளில் மீண்டும் சென்று கூரையையும் பாருங்கள்.

அந்த வாரங்களில் மருமகள் கூறிய ஒரு சொல் எங்களோடு தங்கிவிட்டது. சொட்டாத குழாய்களையும், கிறீச்சிடாத கதவுகளையும், துடைத்த சன்னல் வழியே விழுந்த வெயிலையும் பார்த்துவிட்டு, "அத்தை, இதெல்லாம் இரண்டு நாள் வேலைதான். பத்து வருஷம் நமக்காகச் செய்யத் தோன்றவில்லையே!" என்றாள்.

முகமறியா ஒருவர் அரைமணி நேரம் வந்து போவதற்காக நாம் மேற்கொள்ளும் அக்கறை, நாள்தோறும் உழைத்துக் களைத்து நம்மிடம் திரும்புகிறவர்களுக்கு உரியதன்றோ? உங்கள் வீட்டில் சொட்டும் குழாய் எது, எரியாத விளக்கு எது என்பதை நீங்கள் அறிவீர்கள். விற்கும் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.