வேரில் கண்ட முடிச்சுகள்



பள்ளித் தோட்டத்துப் பயற்றங்காய்ச் செடியொன்றை வேரோடு பிடுங்கி வந்து என்னிடம் காட்டினான் ஒரு மாணவன். வேரெங்கும் சிறுசிறு முடிச்சுகள். "நோய் கண்ட செடி, எறிந்துவிடு" என்றேன். எறிந்தான். மறுநாள் தயங்கியபடியே, "டீச்சர், அது நோய் இல்லையாம். பாட்டி சொன்னாங்க" என்றான்.

அவன் பாட்டி தங்காக் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். இளம் ரப்பர் கன்றுகளின் வரிசைகளுக்கிடையே புவேராரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா போன்ற அவரை இனக் கொடிகளைப் படரவிடுவது நம் நாட்டுத் தோட்டங்களின் வழக்கம். அவை மண்ணரிப்பைத் தடுக்கும், களையை அடக்கும், தழைச்சத்தும் சேர்க்கும். அக்கொடிகளின் வேரில் இதே முடிச்சுகளைப் பாட்டி கண்டிருக்கிறார்.

அன்றிரவு நூல்களைப் புரட்டினேன். நூற்புழு தாக்கினாலும் வேரில் முடிச்சு தோன்றும். ஆனால் அங்கு வேரே வீங்கியிருக்கும். பாக்டீரியா உண்டாக்கும் முடிச்சோ வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், எளிதில் உதிரும். நன்கு செயற்படும் முடிச்சைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். 1888இல் நெதர்லாந்து அறிஞர் பெய்யரிங்க் இந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்.

இவை ஒரே வகையல்ல என்பதே என்னை வியக்க வைத்தது. பட்டாணிக்கு உரியது ரைசோபியம். பயற்றங்காய்க்குப் பெரும்பாலும் பிராடிரைசோபியம். நம் பள்ளித் திடலின் தொட்டாற்சிணுங்கிக்கு முற்றிலும் வேறு குலத்துப் பாக்டீரியாவும் துணையாகும் என்பது 2001இல்தான் வெளிப்பட்டது. பட்டாணியின் ரைசோபியத்துள்ளும் வேற்றுமை மிகுதி. முடிச்சிடும் மரபணுக்கள் பிளாஸ்மிட் எனும் தனி வளையத்தில் உள்ளன. அவ்வளையம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவும் கூடும். ஆதலால் ஒரே பெயருடையவையும் மரபில் வேறுபடுகின்றன. சில தழைச்சத்தை வாரி வழங்கும். சில முடிச்சில் குடியிருந்தும் சிறிதே தரும்.

மறுநாள் வகுப்பில் அம்மாணவனை முன்னே அழைத்தேன். "நான் சொன்னது தவறு, உன் பாட்டி சொன்னதே சரி" என்றேன். வேறொரு செடியைத் தோண்டி, முடிச்சொன்றை அவனையே கிள்ளச் செய்தேன். உள்ளே இளஞ்சிவப்பு. அனைவரும் முண்டியடித்துப் பார்த்தனர்.

"பாக்டீரியா என்றாலே நோய்" என்று எத்தனை ஆண்டுகள் கற்பித்திருப்பேன்! எறியச் சொல்லுமுன் கிள்ளிப் பார்த்திருக்கலாம். இப்பாடத்தை எனக்குக் கற்பித்தவர், மண்ணோடு வாழ்ந்த ஒரு மூதாட்டி.