ஏடும் கோப்பும்

ஓலைச்சுவடிகளைக் கரையான் அரித்த கதையைத் தமிழ் கற்பிக்கும் நாம் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வருகிறோம். ஏட்டைக் காப்பதே நம் கவலையாக இருந்தது. ஏட்டிடமிருந்து வீட்டைக் காக்க வேண்டிய காலமும் வந்துவிட்டது.

நம் ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதியாளருக்கு வரும் விலைப்பட்டியலும், நமக்கு வரும் பழைய நூல்களும் ஆய்வேடுகளும் பிடிஎஃப் கோப்புகளே. அதைத் தாளின் நிழற்படம் என்றே எண்ணுகிறோம். ஆனால் அதனுள் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளைகளும் இருக்கலாம். படிக்கும் மென்பொருளில் ஓட்டை இருந்தால், தீய கோப்பொன்றைத் திறந்த மாத்திரத்தில் கணினி அயலார் வசமாகிவிடக்கூடும்.

2009 டிசம்பரில் அடோபி ரீடரில் அத்தகைய ஓட்டை வெளிப்பட்டது. திருத்தம் வந்தது 2010 ஜனவரி 12 அன்றுதான். இடைப்பட்ட நாட்களுக்கு அந்நிறுவனம் சொன்ன காப்புகளுள் ஒன்று, ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தி வைப்பது. அவ்வாண்டு ஏப்ரலில் டொராண்டோ ஆய்வாளர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டனர். தலாய் லாமா அலுவலகத்தின் சுமார் 1,500 கடிதங்களும், இந்திய அரசின் இரகசிய ஆவணங்கள் சிலவும் களவு போயிருந்தன. அந்தக் களவுக்குத் தூண்டிலானவற்றுள், அறிந்தவர் அனுப்பியதுபோல் மின்னஞ்சலில் வந்த பிடிஎஃப் கோப்புகளும் உண்டு.

கள்வன் நுழைந்தது நம்பிக்கையின் வழியே. ஆகவே மென்பொருளை உடனுக்குடன் புதுப்பிப்போம். அதில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தி வைப்போம். எதிர்பாராத கோப்பு வந்தால், அனுப்பியவரைத் தொலைபேசியில் கேட்ட பின்னரே திறப்போம். நம் கணினியில் இருப்பது நம் எழுத்து மட்டுமன்று. மாணவர் பலரின் பல்லாண்டு உழைப்பும் அங்கேதான் இருக்கிறது.